பள்ள நிலம் பாழ் நிலமன்று

அம்பத்தூரை அடுத்த ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், மைதானத்தின் ஒரு மூலை மழைக்காலந்தோறும் சேறாகிவிடும். ஐப்பசியில் தேங்கிய நீர் தை மாதம் வரை வற்றாது. கோரை மண்டிக் கிடக்கும். அதனைக் குறையென்றே கருதிய நான், பத்து லாரி மண் கொட்டி மேடாக்கினேன். மைதானம் உலர்ந்தது. ஆனால், அடுத்த மழையில் பின்புறத் தெருக் குடிசைகளுள் நீர் புகுந்தது. மாணவன் ஒருவன் நனைந்த புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேசைமீது பரப்பினான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

நிலம் ஏன் சதுப்பாகிறது? களிமண் நீரை எளிதில் கீழே இறங்க விடாது. பள்ளமும் களியும் கூடுமிடத்தில் நீர் நின்றுவிடும். நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சரிவுக்குக் குறுக்கே கரையிட்டு ஏரி அமைத்தனர். கரைக்குக் கீழே நெல் விளைத்தனர். மிகுந்த நீர் கலங்கல் வழியே வெளியேறி அடுத்த ஏரியை அடைந்தது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அதுவும் நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்கும் நீர் செல்லும். கோரை பாயாயிற்று, ஏரி வண்டல் வயலுக்கு எருவாயிற்று. எதுவும் வீண்போகவில்லை.

பின்னர் நகரம் வளர்ந்தது. 1964ஆம் ஆண்டில் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பல குடும்பங்களுக்குப் பிழைப்பளித்தது. அதனைக் குறை கூறலாகாது. ஆனால், வயல்கள் மனைகளானபோது வாய்க்கால்கள் பலவும் மறைந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். வழி மறிக்கப்பட்ட நீர் வீட்டைத்தான் வழியாக்கிக் கொள்ளும்.

ஈர நிலங்களைக் காக்க 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உலக உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. அதன் பட்டியலில் நம் பள்ளிக்கரணைச் சதுப்பும் 2022இல் இடம்பெற்றது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நிரப்பாமலே நிலத்தைப் பயன்படுத்தலாம் என்பதற்கு இவை சான்றுகள்.

நாங்களும் கொட்டிய மண்ணை அள்ளி, அவ்விடத்தைக் குட்டையாக்கினோம். கரையில் மாணவர்கள் வாழையும் சேம்பும் நட்டனர். மண்வெட்டியை முதலில் எடுத்தவன் அந்த மாணவனே.

இவ்வாண்டு மழை ஓய்ந்தபின், உங்கள் தெருவில் நீர் எங்கே நிற்கிறது, எவ்வழியே வடிகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அங்கே முன்பு என்ன இருந்ததென்று முதியோரைக் கேளுங்கள். நாளை நீங்கள் வீடு கட்டும்போது அக்குறிப்பு உதவும்.