பழைய பேஸ் கிடாரின் வயதும் விலையும்



சினிமாப் பாட்டானாலும் மேல்நாட்டு இசைத்தட்டானாலும், பாடுகிறவரின் குரலுக்கும் வயலின்களின் கூட்டுநாதத்துக்கும் அடியில், ஆரவாரம் இல்லாமல் நடந்து செல்லும் ஒரு தாழ்ந்த நாதத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இளையராஜாவின் பாடல்கள் சிலவற்றில் பல்லவி மறந்துபோன பிறகும் அந்த நாதம் மட்டும் நெஞ்சில் தங்கிவிடுவது உண்டு. அதை எழுப்பும் வாத்தியம் எலெக்ட்ரிக் பேஸ் கிடார். அந்த வாத்தியத்தில் புதியது கடையில் மலிந்து கிடக்க, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டதைத் தேடிப் பிடித்து, அதற்குப் பன்மடங்கு விலை கொடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அத்தகைய பழைய வாத்தியத்தின் வயதை எப்படி நிர்ணயிக்கிறார்கள், அதன் மதிப்பு எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கிடாரைப் போலத் தோளில் மாட்டி வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றை, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே செய்து விற்றார். ஆனால் அது சிலருடைய கைக்குப் போனதோடு நின்றுவிட்டது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற சிற்றூரில், 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்துப் பிழைத்தவரும், கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாதவருமான லியோ ஃபெண்டர், 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற வாத்தியத்தைக் கொண்டுவந்த பிறகுதான், ஆள் உயரமுள்ள டபுள் பேஸைச் சுமந்து அலைந்த வாத்தியக்காரர்களுக்கு விமோசனம் பிறந்தது. 34 அங்குலத் தந்தி நீளமும், நமது வீணையில் இருப்பதுபோல ஸ்வரத்தை இடறாமல் காட்டும் மெட்டுகளும் கொண்ட அந்த வாத்தியத்துக்குத் துணையாக, 1960இல் மெலிந்த கழுத்துடைய ஜாஸ் பேஸும் வந்து சேர்ந்தது. பழைய பேஸ் என்று சொன்னவுடன் வாங்குவோர் மனத்தில் முதலில் எழுவன இந்த இரண்டுமே ஆகையால், என் உதாரணங்களையும் இவற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். கிப்சன், ரிக்கன்பாக்கர், ஜெர்மனியின் ஹாஃப்னர் முதலிய கம்பெனிகளின் பேஸ்களுக்கும் தனித்தனிச் சாஸ்திரங்கள் உண்டு.

1965ஆம் ஆண்டு ஜனவரியில், உடல்நலம் குன்றியிருந்த லியோ ஃபெண்டர் தம் ஸ்தாபனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். வாங்கியது சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம். ரேடியோ மெக்கானிக் ஒருவர் வளர்த்த தொழிலை ஒரு ரேடியோ கம்பெனியே வாங்கியது என்பதை வானொலி நிலையத்தில் உட்கார்ந்து சொல்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. சந்தையோ அந்த ஜனவரி மாதத்தை ஒரு யுகசந்தியாகவே கொண்டாடுகிறது. அதற்கு முன் பிறந்தவை உத்தமம், பின் பிறந்தவை மத்திமம் என்பது வியாபாரிகளின் சம்பிரதாயம். இதில் பாதி மூடநம்பிக்கை என்பது என் அபிப்பிராயம். பத்திரத்தில் கையெழுத்து விழுந்த மறுநாளும், அதே தொழிலாளர்கள், அதே யந்திரங்களில், அதே மரத்தைத்தான் அறுத்துக்கொண்டிருந்தார்கள். 1968 வாக்கில் மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்குப் பதிலாகத் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்ததும், எழுபதுகளின் நடுவில் ஜாஸ் பேஸின் கழுத்தை நான்கு திருகுகளுக்குப் பதில் மூன்றே திருகுகளால் பிணைத்ததும் உண்மையான இறக்கங்கள்தாம். ஆயினும் அந்தப் பாவத்தை 1966இல் பிறந்த வாத்தியத்தின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

இனி வயதைக் கணிக்கும் விஷயத்துக்கு வருவோம். ஒரு கோயில் கல்வெட்டின் காலத்தைச் சொல்ல முற்படும் ஆராய்ச்சியாளர், அதில் கண்ட ஆட்சியாண்டை மட்டும் நம்பிவிடாமல், எழுத்தின் வடிவம், அரசனின் பட்டப்பெயர், கல் பதிந்திருக்கும் சுவர் பிற்காலத்தில் எடுத்துக் கட்டப்பட்டதா என்பன எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுபோலவே, இங்கும் பல சாட்சிகளை விசாரித்து, அவை ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். எல்லாரும் முதலில் பார்ப்பது, கழுத்தும் உடலும் சேருமிடத்தின் பின்புறமுள்ள உலோகத் தகட்டில் பொறித்த வரிசை எண்ணை. இருக்கிற சாட்சிகளில் மிகவும் பலவீனமானது அதுவே. எண் பொறித்த தகடுகள் ஒரு பெட்டியில் குவிந்து கிடக்கும். கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தொழிலாளி திருகிவிடுவார். ஆகவே அடுத்தடுத்த எண்கள் ஓர் ஆண்டு இடைவெளியில் வெளிவந்திருக்கவும் கூடும். எல் என்ற எழுத்தில் தொடங்கும் எண் 1962இன் இறுதிக்கும் 1965க்கும் இடைப்பட்டது, தகட்டில் பெரிய எஃப் பொறித்திருந்தால் அதற்குப் பிற்பட்டது, 1976 முதல் எண் தலைப்பகுதிக்கே இடம் மாறிவிட்டது என்ற அளவுக்கு அதை நம்பலாம், அதற்குமேல் வேண்டாம். மேலும் நான்கு திருகுகளைக் கழற்றத் தெரிந்த எவரும் தகட்டை மாற்றிவிடலாம் அல்லவா?

அந்த நான்கு திருகுகளையும் நாமே கழற்றினால் இன்னும் நல்ல சாட்சி கிடைக்கும். கழுத்தின் அடிப்புறத்தில், உடலுக்குள் மறைந்திருக்கும் பாகத்தில், 1962இன் முற்பகுதி வரையில் பென்சிலாலும், அதன்பின் ரப்பர் முத்திரையாலும் தேதி குறித்துவைத்தார்கள். அந்த முத்திரையைப் படிப்பதில் பிரசித்தமான ஒரு தவறு உண்டு. '7 நவம்பர் 63 ஏ' என்ற விதமாக அது இருக்கும். ஏழு என்பது தேதி என்றே யாரும் எண்ணுவார்கள். அது தேதியன்று, ஜாஸ் பேஸைக் குறிக்கும் ரகக் குறி. பிரிசிஷன் பேஸானால் அங்கே ஐந்து இருக்கும். இறுதியிலுள்ள ஏ என்ற எழுத்து, கழுத்தின் மேல்முனையில் அகலம் ஒன்றரை அங்குலம் என்பதைத் தெரிவிக்கிறது; ஒன்றேமுக்கால் அங்குலமானால் சி. ஆகையால் 'நவம்பர் ஏழாம் தேதி பிறந்த வாத்தியம்' என்று ஒருவர் பெருமையோடு விற்க வந்தால், அவர் நாணயத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவருடைய ஞானத்தைச் சந்தேகிக்கலாம். முத்திரை சரியாகவே இருந்தாலும், அது கழுத்து செய்யப்பட்ட காலத்தைச் சொல்லுமேயன்றி, அக்கழுத்து ஓர் உடலோடு இணைந்து கடைக்குப் போன நாளைச் சொல்லாது; நடுவில் சில மாதங்கள் கழிந்திருக்கலாம்.

மூன்றாவது சாட்சி, ரேடியோ மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமானது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நாம் திருப்புகிற குமிழின் அடியில் 'பாட்' என்று அவர்கள் வழங்கும் சிறு பாகம் ஒன்று உண்டு. அதன் உலோக முதுகில் ஏழு இலக்கங்கள் வரை பொறித்திருக்கும். முதல் மூன்றும் செய்த கம்பெனியைக் குறிக்கும்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். எஞ்சியவற்றில் ஆண்டும், அவ்வாண்டின் வாரமும் அடங்கியிருக்கும். 1376612 என்று கண்டால் சி.டி.எஸ். கம்பெனியில் 1966ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில் செய்தது என்று பொருள். பழைய அமெரிக்க ரேடியோப் பெட்டிகளின் குமிழ்களிலும் இதே குறிமுறையைக் காணலாம். இச்சாட்சி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நிச்சயமாகச் சொல்லும்: பாகமும் அதன் ஈயப் பற்றும் அசலானால், வாத்தியம் இந்த வாரத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. எவ்வளவு பிற்பட்டது என்பதை அது சொல்லாது. 1966இல் ஃபெண்டர் கம்பெனி இந்தப் பாகங்களை ஏராளமாக வாங்கிக் குவித்துவிட்டபடியால், அந்த ஆண்டின் குறியுள்ள பாகங்கள் 1968, 1969இல் செய்த வாத்தியங்களிலும் அகப்படுகின்றன. அதை அறியாமல் 1969ஆம் ஆண்டு வாத்தியத்துக்கு 1966ஆம் ஆண்டு விலை கொடுத்தவர்கள் உண்டு.

எழுத்தும் எண்ணும் பொய் சொல்லலாம். உருவம் அத்தனை எளிதில் பொய் சொல்லாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகமான பிக்கப், பிரிசிஷன் பேஸில் இரண்டு துண்டாகப் பிரிந்து 1957இல் வந்தது. அவ்வாண்டு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பொன்னிற அலுமினியக் காப்புத் தகடு, பிறகு ஆமையோடு போலத் தோன்றும் செல்லுலாய்டு. 1959 வரையில் கழுத்தும் விரல்பலகையும் ஒரே மேப்பிள் மரம். அதன்பின் ரோஸ்வுட் பலகை ஒட்டப்பட்டது. 1962இன் நடுப்பகுதிவரை அப்பலகையின் அடிப்புறம் தட்டையாகவும், அதற்கப்பால் மெலிந்து வில்போல் வளைந்தும் இருக்கும்; கழுத்தின் அடிமுனையைப் பக்கவாட்டில் பார்த்தாலே நேர்கோடா, வளைகோடா என்பது புலப்படும். ஜாஸ் பேஸ் 1960இல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குமிழ்களோடு பிறந்து, 1962இல் மூன்று தனிக் குமிழ்களுக்கு மாறியது. ஆகவே தட்டையான பலகையும் 1964ஆம் ஆண்டு முத்திரையும் ஒரே கழுத்தில் காணப்பட்டால், ஏதோ ஒன்று வேறிடத்திலிருந்து வந்தது என்று அறிக.

விலையைத் தீர்மானிப்பதில் வயதைவிடப் பெரிய அம்சம், வாத்தியம் மாற்றமின்றி இருக்கிறதா என்பது. அதிலும் பூச்சே பிரதானம். நேர்த்தியாக மறுபூச்சுச் செய்யப்பட்ட பழைய வாத்தியம், அசல் பூச்சுள்ளதில் ஏறக்குறையப் பாதி விலைதான் பெறும் என்பது வியாபாரத்தில் நிலைத்துவிட்ட கணக்கு. மரம் அதே, ஓசையிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை, இருந்தும் பாதி! இந்த வித்தியாசத்தில்தான் மோசடியும் குடியிருக்கிறது. மோட்டார் கார்களுக்கென்று டூபான்ட் கம்பெனி தயாரித்த சிவப்பு, நீல வர்ணங்களை, கேட்டவர்களுக்கு ஐந்து சதவிகிதம் கூடுதல் கட்டணத்தில் அந்நாளில் பூசிக் கொடுத்தார்கள். இன்று அவை, நடுவில் வெளிறி ஓரத்தில் கருத்திருக்கும் சாதாரண சன்பர்ஸ்ட் பூச்சுள்ள வாத்தியத்தைவிட எத்தனையோ மடங்கு விலைபோவதால், சன்பர்ஸ்டைச் சுரண்டிவிட்டுச் சிவப்பைப் பூசுகிற கைங்கரியமும் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல உபாயம் உண்டு. 1964 வரையில் உடலைப் பூச்சுக்குமுன் சிறு ஆணிகளின்மேல் நிறுத்தி, பூசி உலர்ந்தபின் அவற்றைப் பிடுங்கிவிடுவார்கள். எனவே காப்புத் தகட்டின் அடியில் இருக்கும் அந்த ஆணித் துளைகளுக்குள் வர்ணம் இராது, வெறும் மரம் தெரியும். துளைகள் அடைபட்டோ, உள்ளே வர்ணம் ஓடியோ இருந்தால், பூச்சு பிற்காலத்தது.

இந்த விதிகள் எல்லாவற்றையும் ஒரு மனிதரின் பெயர் தகர்த்துவிடும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற பேஸ் கலைஞர் தம் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸிலிருந்து மெட்டுகளைப் பிடுங்கியெறிந்து, பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை விரல்பலகைமேல் பூசினார். வேறு யார் செய்திருந்தாலும் வாத்தியத்தின் மதிப்பு அன்றோடு ஒழிந்திருக்கும். இவர் செய்ததாலோ அது பேஸ் கிடார்களிலேயே மிகப் பிரசித்தமான ஒன்றாயிற்று. 1986இல் நியூயார்க்கில் திருடுபோய், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வெளிப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் ஏறக்குறைய 30 பவுனுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸும் 1972இல் லண்டனில் களவுபோய், ஐம்பதாண்டு கடந்து அவரிடம் திரும்பி வந்தது என்ற செய்தி 2024இல் வெளியாயிற்று. ஆனால் 'இது இன்னார் வாசித்தது' என்ற வாய்மொழிக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். புகைப்படத்தில் அதே மரரேகை தெரிய வேண்டும், இல்லையேல் அது வெறும் கதை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்து விரல்பலகைகள் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1992முதல் அம்மரம் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான அட்டவணையில் இருப்பதால், தக்க அனுமதிப் பத்திரமின்றி எல்லை தாண்டினால் பறிமுதலாகக்கூடும். பின்னாளில் அதற்குப் பதிலாக வந்தது நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம்.

வாங்கப் போகிறவர்கள், தேதிகளை ஆராய்வதற்கு முன்னால், கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோக்கி அது நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனத்த நான்கு தந்திகள் பல்லாண்டு இழுத்த கழுத்து வளைந்திருக்கக்கூடும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை முடுக்கி நிமிர்த்தலாம், ஆனால் அக்கம்பியின் திருகு இறுதிவரை முடுக்கப்பட்டுவிட்டதென்றால், பிறகு பெருஞ்செலவுதான். கழுத்தைக் கழற்றிக் காட்டச் சம்மதியாத வியாபாரியிடம் முழு விலை பேசாதீர்கள். வாசிப்பதற்காக மட்டும் வேண்டுமென்பவர், மறுபூச்சுப் பெற்ற வாத்தியத்தைப் பாதி விலைக்கு வாங்குவதே விவேகம். பழுதுபார்க்கும்போது கழற்றிய பிருடை, பாட், திருகு எதையும் எறிந்துவிடாமல், ஓர் உறையிலிட்டு வாத்தியப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். உங்களுக்குப்பின் அதை வாங்குகிறவர் அந்த உறைக்கும் சேர்த்தே விலை கொடுப்பார்.