ஏழையர்க்கு வழக்காட விழைவார் தேரவேண்டிய சட்டக் கல்லூரி



ஏழையர்பொருட்டு வழக்காட விழையும் நம் மாணவர் சிலர், எச்சட்டக் கல்லூரியிற் சேர்தல் தகும் என எம்மை வினவினர். பெயர்பெற்ற கல்லூரியே சாலச் சிறந்தது என்பர் பலர். யாம் அங்ஙனம் கருதேம்.

முதற்கண் நோக்கற்பாலது கட்டணம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பிற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். நம் அரசினர் சட்டக் கல்லூரிகளிலோ மிகக் குறைவு. கடன்பட்டுப் பயின்றவர், தவணை செலுத்தும்பொருட்டுப் பெருங் கம்பெனிகளின் ஊழியத்தையே நாட நேரும். ஏழையின் வழக்கு வாயிலிலேயே நின்றுவிடும். உதவித்தொகை கிட்டுமாயின் அத்தடை நீங்கும்.

அடுத்தது சட்ட உதவி மையம். ஒவ்வொரு கல்லூரியிலும் அஃது இருத்தல் வேண்டுமென்பது இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதி. பெயர்ப்பலகை மட்டுமே உளதா, மாணவர் சிற்றூர்கட்குச் சென்று மனு எழுதித் தருகின்றனரா என நேரிற் கேண்மின். ஐந்தாண்டுப் படிப்பினர்க்கு விதித்த 20 வாரப் பயிற்சியை எவரிடம் பெறுகின்றனர் என்பதையும் வினவுமின்.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்டிர்க்கும் சிறார்க்கும் காவலில் உள்ளார்க்கும் வருவாய் நோக்காது இலவச உதவி வழங்குகின்றது. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாமைக்குத் தேர்ந்த வழக்கறிஞர் வேண்டும்.

ஆதலின் பெற்றோர்காள்! கல்லூரியின் பெயரைச் சொல்லி மகிழ்தற்பொருட்டு, மகனாயினும் மகளாயினும் அவர்மேற் கடன் சுமத்தாதீர்.