பெயர் பெற்ற சிலந்தி



தீபாவளி நெருங்கினால் வீட்டை ஒட்டடை அடிக்கிறோம். கோலின் ஒரே வீச்சில் வலையும் போகிறது. அதைப் பின்னிய சிலந்தியும் போகிறது. அந்தச் சிலந்திக்கென்று ஒரு பெயர் உண்டா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உலகில் இதுவரை அறிவியலார் பெயர் சூட்டிய சிலந்தி இனங்கள் 50,000க்கும் மேற்பட்டவை. பெயர் பெறாதவையும் இன்னும் பல உள்ளன. புதிதாகக் கண்ட ஒரு சிலந்திக்கு எவ்வாறு பெயர் வைக்கிறார்கள்? வைப்பதனால் என்ன பயன்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

லினிஃபிடே என்பது சிலந்திகளில் ஒரு பெருங்குடும்பம். இதில் 4,800க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கும். பெரும்பாலானவை ஓர் அரிசி மணியைவிடச் சிறியவை. இக்குடும்பத்துச் சிலந்திகள் பாய் விரித்தாற்போல வலை பின்னி, அதன் அடியில் தலைகீழாகத் தொங்கிக் காத்திருக்கும். பூச்சி மேலே விழுந்ததும் கீழிருந்தே கடித்து இழுத்துக்கொள்ளும். ஆகவே இவற்றை விரிப்பு வலைச் சிலந்திகள் எனலாம்.

1989ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பிளிமத் நகரில், ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிலந்தி அகப்பட்டது. அதன் உடல் நீளம் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர்தான். அறிந்த இனம் எதனோடும் அது ஒத்துப்போகவில்லை.

"இது புதியது" என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது, மெய்ப்பிக்க வேண்டும். சிலந்தியைச் சாராயத்தில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். நிறத்தையும் பருமனையும் மட்டும் நம்புவதில்லை. ஆண் சிலந்தியின் முகத்தருகே இரண்டு உணர்கைகள் உள்ளன. அவற்றின் நுனி உருண்டு, நுட்பமான கொக்கிகளும் மடிப்புகளும் கொண்டிருக்கும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்போடு அது பூட்டும் சாவியும்போலப் பொருந்தும். இனத்துக்கு இனம் இந்த அமைப்பு மாறுபடும். வளர்ந்த சிலந்தியில் மட்டுமே இது முழுமையாக இருப்பதால், குஞ்சை வைத்து முடிவு செய்ய இயலாது. கால்களில் உள்ள முட்கள் எத்தனை, ஒரு நுண்மயிர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக்கூட அளந்து குறிக்கிறார்கள்.

அடுத்து, பழைய நூல்களைப் புரட்ட வேண்டும். சுவீடன் நாட்டுக் கிளார்க் என்பவர் 1757இல் வெளியிட்ட நூலிலிருந்துதான் சிலந்திகளின் அறிவியல் பெயர்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அன்று தொட்டு வேறு எவரும் இதற்குப் பெயரிடவில்லை என்று உறுதியாக வேண்டும். பின்னரே படங்களுடன் விளக்கம் வெளியாகும். விளக்கத்திற்கு ஆதாரமான உடலை நிலையான சான்றாகப் பாதுகாத்து வைப்பார்கள்.

பிளிமத் சிலந்திக்கு மெரெட், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் 1995இல் நோத்தோபேன்டிஸ் ஹாரிடஸ் என்று பெயரிட்டனர். இதற்கென ஒரு புதிய பேரினத்தையே ஏற்படுத்த வேண்டியிருந்தது. ஹாரிடஸ் என்றால் லத்தீன் மொழியில் மயிர் சிலிர்த்தது என்று பொருள். சிலந்தியின் உடலில் உள்ள மயிர்களைக் குறித்தது அது.

அன்பர்களே, பெயர் வைத்ததோடு கதை முடியவில்லை. முதலில் அது கிடைத்த குவாரி தொழிற்பேட்டையாக மாறியது. அச்சிலந்தி வாழும் மற்றோர் இடமான ராட்ஃபர்டு குவாரியில் வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். பக்லைஃப் என்னும் சிற்றுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு அதை எதிர்த்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். 2015இல் வீடமைப்பாளரின் மேல்முறையீடு தள்ளுபடியானது. இச்சிலந்திக்கு நேரக்கூடிய கேடும் அம்முடிவுக்கு ஒரு காரணமாயிற்று.

வீடு மக்களுக்கு வேண்டியதுதான், அதை மறுப்பாரில்லை. ஆனால் இந்தச் சிலந்திக்கு வேறு போக்கிடம் இல்லை. உலகத்திலேயே அந்த ஒரு நகரத்தில் மட்டுந்தான் அது காணப்பட்டிருக்கிறது. பெயர் இல்லாதிருந்தால், "ஏதோ ஒரு பூச்சி" என்று அதன் வழக்கு அன்றே முடிந்திருக்கும். பெயரும் படமும் சான்றும் இருந்தபடியால், வாய் பேசாத அந்த உயிருக்காகப் பிறர் பேச முடிந்தது.

சுண்ணாம்புக்கல் என்றதும் நமக்குப் பத்துமலை நினைவுக்கு வரும். அக்குகைகளிலும் ஒரு சிலந்தி உண்டு. சுவரில் வளை அமைத்து, அதற்குக் கதவும் போட்டு வாழும் பழமையான வகை அது. 1923இல் அதற்குப் பெயரிட்டபோது, லிஃபிஸ்டியஸ் பாத்துவென்சிஸ் என்று அம்மலையின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். தைப்பூசத்திற்குப் படியேறும் நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

அடுத்த முறை ஒட்டடைக் கோலை எடுக்கும்போது, பிள்ளைகளை அழைத்து அந்த வலையைச் சற்று நேரம் பார்க்கச் சொல்லுங்கள். வலை எந்த வடிவம், சிலந்தி அதன் மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா என்று கேளுங்கள். தட்டுவது பிறகு இருக்கட்டும்.