சீட் நம்பரோடு சொல்லுங்க!

(கால்பந்துப் போட்டி ஒன்றில் தன்னார்வலர்களாகப் பணியாற்றவிருந்த கல்லூரி மாணவ, மாணவியரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில இருந்து உங்களுக்கு நிறைய பேர் வகுப்பு எடுத்துட்டாங்க. நான் அதிகாரி கிடையாது. செய்தித் துறையில் எழுதுற வேலை. அரசு சேவை, செயலி, உதவி எண் இதையெல்லாம் மக்களுக்குப் புரியிற மாதிரி எழுதித் தருவதுதான் என் பணி. "புகார் அளிப்பது எப்படி?" என்ற தலைப்பில் மட்டும் எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்லை. அப்படிப்பட்ட நானே ஒரு நாள் புகார் சொல்லத் தெரியாம நின்னேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, என் சித்தி பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒரு புட்பால் மேட்ச் பார்க்கப் போனேன். ஊர் பேரும் வேணாம், கிளப் பேரும் வேணாம். தங்கச்சி அப்போ பத்தாம் வகுப்பு. ஸ்கூல் டீம்ல ஆடுறவ. பெரிய மைதானத்துக்கு வர்றது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

எங்களுக்கு ரெண்டு வரிசை பின்னாடி நாலு பேர். எதிரணியில ஒரு ஆப்பிரிக்க வீரர் இருந்தார். அவர் எங்க பக்கம் த்ரோ போட வரும்போதெல்லாம் இவங்க குரங்கு மாதிரி சத்தம் போட்டாங்க. சுத்தி இருந்தவங்க சிலர் சிரிச்சாங்க, மத்தவங்க கண்டுக்கல. கொஞ்ச நேரத்துல அவங்க கவனம் எங்க பக்கம் திரும்புச்சு. தங்கச்சி போட்டிருந்த ஜெர்சியை வச்சு ஏதேதோ கமெண்ட். அவ ஒண்ணும் பேசல. என் பக்கமா ஒட்டி உட்கார்ந்தா. இடைவேளையில, "அக்கா, போலாமா?"ன்னு கேட்டா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? போனை எடுத்து வீடியோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டேன். நிறைய பேர் "வெட்கக்கேடு"ன்னு எழுதினாங்க. ரெண்டு நாள் கழிச்சு போட்டி நடத்தினவங்களுக்கு மெயில் அனுப்பினேன். அவங்க நியாயமாத்தான் கேட்டாங்க: எந்த கேலரி, எந்த வரிசை, எத்தனை மணிக்கு? என் வீடியோவுல இருட்டுல நாலு தலை ஆடுறதுதான் தெரியுது. டிக்கெட்டை அன்னைக்கே கசக்கிப் போட்டாச்சு. விஷயம் அதோட முடிஞ்சுது.

படிக்கட்டு ஓரத்துல மஞ்சள் கோட்டு போட்ட ஒருத்தர் மேட்ச் முழுக்க நின்னுட்டிருந்தார். எங்க சீட்ல இருந்து பதினைஞ்சு அடி இருக்கும். தண்ணி வாங்கப் போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவைன்னு அவரைத் தாண்டித்தான் போனேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை.

நாளைக்கு நீங்கதான் அந்த மஞ்சள் கோட்டைப் போடப் போறீங்க. அதனாலதான் இதைச் சொல்றேன்.

யார் இந்த ஸ்டூவர்டு?

கால்பந்து மைதானங்களில் பார்வையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்தான் ஸ்டூவர்டு. வழி காட்டுவது, படிக்கட்டையும் வாசலையும் அடைபடாமல் வைத்திருப்பது, நெரிசல் வருகிறதா என்று பார்ப்பது, தகராறு முற்றுவதற்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிப்பது இவையெல்லாம் அவருடைய வேலை. அவர் போலீஸ் இல்லை. ஆனால் போலீஸுக்கும் உங்களுக்கும் நடுவில் முதலில் நிற்பவர் அவர்தான்.

இந்த முறை நன்றாக வேர்விட்ட நாடு இங்கிலாந்து. அங்கே 1991-இல் கால்பந்துக் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மைதானத்துக்குள் பொருள் வீசுவது, இனவெறிக் கோஷம், ஆபாசக் கோஷம், ஆடுகளத்துக்குள் இறங்குவது எல்லாம் குற்றம். ஆரம்பத்தில் அதில் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு பேராவது சேர்ந்து கத்தினால்தான் அது கோஷம். ஒருத்தர் மட்டும் தனியாகக் கத்தினால் தப்பிக்கலாம். 1999-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது ஒரே ஒரு குரலானாலும் குற்றம்தான். குற்றவாளி என்று தீர்ப்பானால், மைதானத்துக்கே வரக் கூடாது என்று நீதிமன்றம் தடை போடலாம். அந்தத் தடை 3 ஆண்டிலிருந்து 10 ஆண்டு வரை நீளும்.

சட்டம் இருந்தால் போதுமா? யாராவது சொல்லணுமே! பக்கத்துல உட்கார்ந்துகிட்டே "இவன்தான்"னு கை காட்ட யாருக்கும் பயமாத்தான் இருக்கும். அதற்குத்தான் அங்கே பல கிளப்புகள் ஒரு குறுஞ்செய்தி எண் வைத்திருக்கின்றன. உட்கார்ந்த இடத்தில் இருந்தே கேலரி, வரிசை, சீட் எண், நடந்தது என்ன என்று அனுப்பினால் அது கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கிருந்து கேமராவை அந்த சீட் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டூவர்டு நேராக அந்த ஆளிடம் போவார். சொன்னது யார் என்று பக்கத்து சீட்டுக்குக்கூடத் தெரியாது. 'கிக் இட் அவுட்' என்ற அமைப்பு இதுபோன்ற புகார்களைப் பெற 2013-லேயே கைபேசிச் செயலி கொண்டுவந்தது.

சொன்னால் என்ன நடக்கும்?

"சொல்லி என்ன ஆகப் போகுது?" இதை நீங்க கேட்பீங்கன்னு தெரியும். நடந்ததையே சொல்றேன்.

2019 அக்டோபர், பல்கேரியாவின் சோபியா நகரம். இங்கிலாந்து வீரர்களைப் பார்த்து கேலரியில் இருந்து இனவெறிச் சத்தம். முதல் பாதியிலேயே ஆட்டத்தை இரண்டு முறை நிறுத்தினார்கள். ஐரோப்பியக் கால்பந்தில் இதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. அடங்காவிட்டால் அணிகள் ஓய்வறைக்குப் போகும். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டமே ரத்து.

2023 மே, ஸ்பெயினின் வலென்சியா. ரியல் மாட்ரிட் வீரர் வினீசியஸ் தன்னைத் திட்டியவரை நடுவரிடம் கை நீட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு ஜூனில் மூன்று ரசிகர்களுக்கு நீதிமன்றம் 8 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. மைதானங்களுக்குள் நுழைய 2 ஆண்டு தடையும் உண்டு.

2025 ஆகஸ்ட், லிவர்பூலின் ஆன்பீல்டு மைதானம். போர்ன்மத் வீரர் செமென்யோ, ஒரு பார்வையாளர் தன்னை இனரீதியாகத் திட்டியதாக நடுவரிடம் சொன்னார். உடனே ஆட்டம் நின்றது. அந்த ஆளை மைதானத்தை விட்டு வெளியேற்றினார்கள், போலீஸ் பிறகு கைதும் செய்தது. செமென்யோ தொடர்ந்து ஆடி 2 கோல் அடித்தார்.

நம்ம ஆளு ஒருத்தர் கதையும் இருக்கு. கிரிக்கெட்தான், பரவாயில்லை. 2021 ஜனவரி, சிட்னி டெஸ்ட். எல்லைக்கோட்டுப் பக்கம் நின்ற முகமது சிராஜ், கேலரியில் இருந்து வந்த வசவைப் பற்றி அம்பயரிடம் சொன்னார். ஆட்டம் நின்றது. ஆறு பேரை அங்கிருந்து வெளியேற்றினார்கள்.

இதுல எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கு, கவனிங்க. அங்கேயே, அப்பவே சொன்னாங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்லல.

எதைச் சொல்லணும், எப்படிச் சொல்லணும்?

விசில் அடிக்கிறது, தொண்டை கிழியக் கத்துறது, எதிரணியைக் கலாய்க்கிறது, நடுவரைப் பார்த்து "கண்ணு தெரியலையா?"ன்னு கேட்கிறது, இதெல்லாம் புகார் இல்லை. இதுவும் இல்லைன்னா மேட்ச் பார்க்க யார் வருவா? வியாசர்பாடியிலயும் தூத்தூர்லயும் போய்ப் பாருங்க, புட்பாலுக்கு உயிரே அந்தச் சத்தம்தான்.

ஒருவரின் நிறம், இனம், சாதி, மதம், உடல் குறைபாடு இவற்றைச் சொல்லித் திட்டுவது, பெண்களிடம் அசிங்கமாகப் பேசுவது, தொடுவது, அனுமதியில்லாமல் படம் எடுப்பது, பாட்டில், கல், பட்டாசு வீசுவது, அடிதடி, படிக்கட்டையும் வாசலையும் மறித்து நிற்பது, இவைதான் உடனே சொல்ல வேண்டியவை. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதியபோது கேலரியில் மூண்ட சண்டை நெரிசலாகி 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். மேட்ச் பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

சொல்லும்போது ஐந்து விஷயம் போதும்:

1. எந்த கேலரி, எந்த வரிசை, எந்த சீட்.
2. எத்தனை மணிக்கு. மேட்ச்சின் எத்தனையாவது நிமிடம் என்றாலும் சரி.
3. ஆளின் அடையாளம்: சட்டை நிறம், தொப்பி, கையில் இருப்பது.
4. அவர் சொன்ன வார்த்தை அல்லது செய்த செயல், உள்ளது உள்ளபடி.
5. இப்போதும் நடக்கிறதா, முடிந்துவிட்டதா.

உட்கார்ந்ததும் உங்க டிக்கெட்டை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சீட் எண் அதுலயே இருக்கும். ஆபத்து இல்லைன்னா சின்னதா ஒரு வீடியோ எடுக்கலாம், தப்பில்லை. ஆனா அதை ஸ்டூவர்டுகிட்டயோ போலீஸ்கிட்டயோ காட்டுங்க. ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. பாதிக்கப்பட்ட பொண்ணோட முகமும் அந்த வீடியோவுலதான் இருக்கும், மறந்துடாதீங்க. நீங்களே எழுந்து போய் சட்டையைப் பிடிக்காதீங்க. அப்புறம் ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்புவாங்க.

ஸ்டூவர்டு கண்டுக்கலையா? பக்கத்தில் இருக்கும் மேற்பார்வையாளரிடம் போங்கள். இல்லை, பணியில் இருக்கும் காவலரிடம் சொல்லுங்கள். ஊர்த் திடல் போட்டியில் மஞ்சள் கோட்டெல்லாம் இருக்காது. அங்கே விழாக் குழுவிடமோ நடுவரிடமோ சொல்லலாம். ஆபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தான் இருக்கிறது, இன்றைக்கே தரவிறக்கி வையுங்கள். மேட்ச் முடிந்த பிறகு ஆன்லைனில் தொல்லை தொடர்ந்தால் 1930. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் பேசுவதும் சைகை காட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதா 79-வது பிரிவின்படி குற்றம். மைதானம் என்பதால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடாது.

கோட்டு போட்டவருக்கு ஒரு வார்த்தை

நாளைக்கு உங்ககிட்ட ஒருத்தர் வந்து சொல்லும்போது "விடுங்கம்மா, பசங்க அப்படித்தான்"னு சொல்லாதீங்க. "எந்த சீட்?"னு கேளுங்க. புகார் சொன்னவரைக் கூடவே கூட்டிக்கிட்டுப் போய் "இவரா சொல்லுங்க"ன்னு கேட்காதீங்க. அவங்க வேற இடத்துல உட்கார விரும்பினா மாத்திக் கொடுங்க. மனசுல வச்சுக்கலாம்னு இல்லாம நேரம் போட்டுக் குறிச்சு வைங்க. ஆளை வெளியேற்றணும்னா தனியாப் போகாதீங்க, மேலே சொல்லுங்க.

இன்னொண்ணு. பார்த்ததை மட்டும்தான் சொல்லணும், எழுதணும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி 97 பேர் உயிரிழந்தார்கள். ரசிகர்களின் நடத்தைதான் காரணம் என்று பழி போட்டார்கள். உண்மையில் கூட்டத்தைக் கையாண்டதில் காவல்துறை தவறியிருந்தது. ரசிகர்கள் மீது தப்பில்லை என்று 2016-இல்தான் நீதி விசாரணையில் தீர்ப்பானது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், அந்தப் பிள்ளைமேல் விழுந்த பழியோடு 27 ஆண்டு வாழ்ந்தார்கள். அதனால "அந்த கேலரியே மோசம்"னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. எந்த சீட், எத்தனை மணி, என்ன செஞ்சார்? இந்தக் கேள்வி பாதிக்கப்பட்டவங்களுக்கு நியாயம் வாங்கித் தரும். தப்பு செய்யாதவங்களையும் அதேதான் காப்பாத்தும்.

முடிச்சுடுறேன். என் தங்கச்சி இப்போ காலேஜ் படிக்கிறா. புட்பால் மேல உள்ள ஆசை குறையல, எல்லா மேட்ச்சும் பார்க்குறா. ஆனா வீட்ல, டிவியில. "வாடி, மைதானத்துக்குப் போலாம்"னு கூப்பிட்டா, "இங்கேயே நல்லா தெரியுதுக்கா"ன்னு சொல்லிடுறா. அந்த நாலு பேருக்கு இது தெரியாது. அடுத்த மேட்ச்சுக்கும் அவங்க வந்திருப்பாங்க. வராமப் போனது இவதான்.

அன்னைக்கு அந்த மஞ்சள் கோட்டுக்காரரைத் தாண்டிப் போனப்போ என் கையில போன் இருந்துச்சு, டிக்கெட் இருந்துச்சு, சீட் நம்பர் இருந்துச்சு. பதினைஞ்சு அடி நடந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை அவளை நாளைக்கு நடக்கிற மேட்ச்சுக்குக் கூப்பிட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கா. வந்தா, கேலரியில உங்கள்ல யாரோ ஒருத்தர் நிப்பீங்க.

பார்த்துக்கோங்க.