பீலிக்கரைச் சொல்



பொல்பிட்டிய மின்னிலையத்தை இயக்கிவிட்டு வெளியேறும் நீர், களனி கங்கையாய்க் கொழும்பு நோக்கி இறங்குகின்றது. மலையகத்து மக்களிற் பலரும் பிழைப்புத் தேடி அதே திசையில் இறங்கியவர்களே. சமையல், துப்புரவு, மேசன் வேலை, குழாய் வேலை என நகரத்து வீடுகளில் அவர்கள் புகுந்தது எந்த விளம்பரத்தினாலுமன்று. “அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, நம்பி வீட்டிலே விடலாம்” என்று தெரிந்தவர் ஒருவர் சொன்ன சொல்லே அவர்களுக்குக் கதவைத் திறந்தது. தோட்டத்திலே பீலிக்கரையில் பிறந்து லயன் முழுவதும் பரவும் செய்திக்கு உள்ள வலிமையை நீங்கள் அறிவீர்கள்.

இன்று அந்தப் பீலிக்கரை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தொடர்மாடிக் குடியிருப்பாளர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு. தாய்மாருக்கு ஒரு முகநூல் குழு. “நல்ல பிளம்பர் யாரையாவது தெரியுமா?” என்னும் கேள்வி எழாத நாள் அங்கே அரிது. வீட்டுவேலைக்கு ஆள் அனுப்பும் தொழிலைப் புதிதாகத் தொடங்குவோர் முதலிற் சென்று நிற்பதும் அவ்வாசலிலேதான்.

சவர்க்காரம் பிடிக்கவில்லையென்றால் எறிந்துவிடலாம். அறிமுகமற்ற ஒருவரை வீட்டுக்குள் விட்ட பின்னர் அவ்வளவு எளிதாகக் கைகழுவ இயலுமோ? ஆகவேதான் இத்தொழிலில் அயலார் வாக்குக்கு இத்தனை மதிப்பு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1995ஆம் ஆண்டு அஞ்சி ஹிக்ஸ் என்னும் இளம் பெண், வீடு வீடாகக் கதவைத் தட்டி உறுப்பினர் சேர்த்தார். எந்த வேலையாள் எப்படி என்று அவர்கள் சொன்னவற்றைத் திரட்டியதே அவருடைய முதலீடு. பின்னாளில் அது இணையத்துக்கு மாறிப் பெருநிறுவனமாயிற்று.

அடோரா சேங் என்பவரின் கதை இன்னும் சுவையானது. வீட்டுத் துப்புரவுக்கு ஆள் அனுப்பும் ‘ஹோம்ஜோய்’ நிறுவனத்தைத் தம் சகோதரருடன் தொடங்கியவர் அவர். முதலில் தாமே துடைப்பமெடுத்துப் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தார். அவ்வேலை தமக்குச் சரியாக வரவில்லையென்று கண்டதும், ஒரு துப்புரவு நிறுவனத்தில் வேலையாளாகவே சேர்ந்து கற்றார். தெருச்சந்தையிலே வெயிலில் வந்தோருக்குக் குளிர்ந்த நீர் கொடுத்துப் பேச்சுத் தொடங்கினார். அந்த நீர்ப்போத்தலை நான் பெரிதும் மதிக்கிறேன். இணையக் குழுவிலும் முறை அதுவே. உள்ளே நுழைந்தவுடன் தன் பொருளைக் கூவுகிறவன் கலியாண வீட்டிலே துண்டுப்பிரசுரம் கொடுப்பவனை ஒப்பான். ஒழுகும் குழாயைப் பற்றி ஒருவர் கேட்டால், “முதலில் பிரதான வால்வை மூடுங்கள்” என்று பயனுள்ள மறுமொழி சொல்பவனையே குழு நினைவில் வைக்கும். தொழில் தன்னுடையதென்பதையும் அவன் மறையாது சொல்லவேண்டும். மாற்றுப் பெயரில் வந்து தன்னைத் தானே புகழ்ந்து அகப்பட்டவனுக்கு அந்தக் குழுவிலே இனி இடமில்லை.

இவ்வளவு செய்தும் ஹோம்ஜோய் 2015 ஜூலையில் மூடப்பட்டது. மலிவு விலைக்கு ஒருமுறை வந்தோர் பலர் மீண்டும் வரவில்லை. வந்த பெண்ணையே நேரில் பேசி அமர்த்திக்கொண்டோரும் உண்டு. தம்மை ஊழியராக ஏற்கவேண்டுமென்று துப்புரவுத் தொழிலாளர் தொடுத்த வழக்குகளும் சேர்ந்துகொண்டன. கேட்போர் குழுவை நாடியவர்கள், உழைப்போர் குழுவைப் போதிய அளவு நினைக்கவில்லை என்பது என் கருத்து.

மலையகத்தார்க்கு இது புதிய பாடமன்று. ஆள் சேர்த்து வந்த கங்காணி, தம் ஆட்கள் வேலைக்குச் சென்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு காசு என்று பெற்றார். கடன் தீராமல் தொழிலாளி வேறு தோட்டம் போகவொட்டாத ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் ஒழிந்தது. இன்றைய செயலியில் கடன் துண்டு இல்லை. ஆயினும் ஐந்து ஆண்டு உழைத்து ஒரு மேசன் பாஸ் சேர்த்த நற்பெயரும் நட்சத்திரக் குறிகளும் நிறுவனத்தின் கணக்கிலேயே தங்கிவிட்டால், அவர் விலகும்போது எதைக் கொண்டு செல்வார்?

இந்தியாவில் 2014இல் தொடங்கி, 2020இல் ‘அர்பன் கம்பனி’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் இத்துறையில் மிகப் பெரியது. 2021 ஒக்டோபரில், வீடுகளுக்குச் சென்று அழகுக்கலைப் பணி செய்யும் பெண்கள், தரகும் அபராதமும் மிகுந்தனவென்று குருகிராமிலுள்ள அதன் அலுவலக வாயிலில் அமர்ந்தனர். அவர்கள் ஒன்றுகூடியதும் கைப்பேசிக் குழுக்களின் வழியேதான். அதன் பின்னர் நிறுவனம் தரகைக் குறைத்தது.

பொல்பிட்டியவிலிருந்து கொழும்பு சென்ற இளைஞன் ஒருவன் நாளை இத்தகைய தொழிலைத் தொடங்குவானென்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பாளர் குழுவில் அவன் எத்துணை இனிமையாகப் பேசினாலும், ஊரார் குழுவொன்றும் அவன் கைப்பேசியில் இருக்கும். அதிலே அவனுடைய சித்தப்பாவும் இருப்பார். “ஏன் மகன், நூற்றுக்கு எவ்வளவு பிடிக்கிறாய்?” என்று முதலிற் கேட்பவர் அவராகவே இருக்கக்கூடும்.