பக்கி வண்டிக்குப் பின் ஷாக் அப்சார்பர்: மலிவாக வாங்கலாம், கணக்கில்லாமல் வாங்கக் கூடாது

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சிலர், தங்கள் குழுவோடு சேர்ந்து ஒரு பக்கி வண்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் ஒரு சின்ன என்ஜின், ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கை, மேடு பள்ளத்தில் ஓடுவதற்கான பெரிய டயர்கள். அவ்வளவுதான் பக்கி. 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் இது மாணவர் போட்டியாகத் தொடங்கியது. நம் நாட்டில் 2007 முதல் பாஹா எஸ்ஏஇ இந்தியா என்ற பெயரில் நடக்கிறது. அதில் கடைசிச் சோதனை, கரடுமுரடான தடத்தில் 4 மணி நேர ஓட்டம்.

பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "வெளிநாட்டு ஷாக் அப்சார்பர் வாங்கப் பணம் கேட்கிறான் சார். பைக்கில் வருவதையே போட்டால் ஆகாதா?" ஆகும். ஆனால் எதை, எங்கே, எத்தனை போடுவது என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பு போதும்.

முதலில், ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது? நம் மாடிப்படிக் கதவுக்கு மேலே இருக்கும் டோர் குளோசரைப் பாருங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. கதவை மூடுவது ஸ்பிரிங். அதை மெதுவாக மூட வைப்பது எண்ணெய். எண்ணெய் கசிந்துவிட்டால் கதவு படாரென்று அடிக்கிறது. ராத்திரியில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் தெரியும். வண்டியிலும் அதே கதைதான். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் குதிப்பை அடக்குகிறது. எண்ணெய் வேலை செய்யாத வண்டி பள்ளத்தில் விழுந்தால் பந்து போலக் குதிக்கும். குதிக்கும் நேரத்தில் டயர் மண்ணைத் தொடாது. டயர் மண்ணைத் தொடாதபோது பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. இதனால்தான் இது வெறும் சொகுசு விஷயம் அல்ல, பாதுகாப்பு விஷயம்.

இப்போது கணக்கு. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பக்கி 190 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, மொத்தம் 250. என்ஜின் பின்னால் இருப்பதால் பின் சக்கரங்கள் மேல் 60 சதவீதம், அதாவது 150 கிலோ விழும். ஒரு சக்கரத்துக்கு 75. இதில் சக்கரம், ஹப் போன்றவற்றின் எடை நேரே தரைக்குப் போகிறது. அதற்காக 15 கிலோ கழித்தால், ஸ்பிரிங் தாங்க வேண்டியது 60 கிலோ.

இன்னொரு பக்கம் ஒரு சாதாரண 100 சிசி பைக். வண்டி 110 கிலோ, இருவர் உட்கார்ந்தால் 140, மொத்தம் அதே 250. பின்சக்கரத்தின் மேல் சுமார் 155 விழும். சக்கரத்தின் எடை 15 போனால் 140. ஷாக் அப்சார்பர் இரண்டு, ஆகவே ஒன்றுக்கு 70 கிலோ. ஒருவர் மட்டும் ஓட்டினால் ஒன்றுக்கு 42 அளவில் வரும். அதாவது அந்த ஷாக் அப்சார்பர் 42 முதல் 70 கிலோ வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது.

"பக்கிக்கு 60 தானே வேண்டும், பைக் ஷாக் 70 தாங்குகிறதே, ஒன்று போட்டால் போதும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். சறுக்குவது இங்கேதான்.

மறுபடியும் கதவுக்கு வருவோம். கைப்பிடியில் தள்ளினால் கதவு சுலபமாகத் திறக்கும். கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு பலம் வேண்டும்! பைக்கில் ஷாக் அப்சார்பர் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது. பக்கியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் என்கிற இரும்புக் கையின் நடுவில் மாட்டுவார்கள், இடம் அங்கேதான் இருக்கும். நடுவில் மாட்டினால் 60 கிலோ 120 ஆகிவிடும். பைக்கில் இருவர் ஏறியபோது தாங்கிய 70-ஐ விட இது மிக அதிகம். வண்டி நின்ற இடத்திலேயே ஸ்பிரிங் நசுங்கி உட்கார்ந்துவிடும். எண்ணெயின் அடக்கும் சக்தியோ இன்னும் மோசமாகக் குறையும்: சக்கரத்தில் கிடைப்பது பாதி அல்ல, கால் பங்குதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கீலிலிருந்து முக்கால் தூரத்தில், சக்கரத்தை நோக்கித் தள்ளி மாட்டினால் 120 என்பது 80 ஆகிறது. நிமிர்ந்து நிற்காமல் 30 டிகிரி சாய்ந்திருந்தால் 92. ஒரு ஷாக் அப்சார்பருக்கு இதுவும் அதிகம். ஆனால் சக்கரத்துக்கு இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றுக்கு 46 கிலோ. பைக்கில் ஒருவர் ஓட்டும்போது வரும் சுமை அதுதான். இரண்டு பைக்குகளுக்கான இரண்டு ஜோடி, மொத்தம் நான்கு. எல்லாம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மோனோ ஷாக் பற்றியும் கேட்பார்கள். பைக்கின் நடுவில் ஒற்றையாக வருவது. அது முழுச் சுமையையும் தனியாகத் தாங்குவதால் ஸ்பிரிங் மிகக் கடினம். ஆர்மின் நடுவில் மாட்டினாலும் தாங்கும். ஆனால் லேசான பக்கியில் அது முழுதாக அழுந்தாது, ஓட்டுபவரின் முதுகுதான் குலுங்கும். வண்டி எடை கூடுதலாக இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம். மலிவான சைக்கிள் ஷாக் வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றின் உள்ளே எண்ணெயே இருக்காது, வெறும் ஸ்பிரிங்தான்.

புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையது வாங்கினால் நான்கு விஷயம் பாருங்கள். தண்டில் எண்ணெய்ப் படலம் இருந்தால் சீல் போய்விட்டது. தண்டில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் சீக்கிரம் போகும். அழுத்தி விட்டால் நிதானமாகத் திரும்ப வேண்டும். வெடுக்கென்று வந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. நான்கும் ஒரே மாடலாக, ஒரே நீளமாக இருக்க வேண்டும். இன்னொன்று, சாதாரண பைக் ஷாக் அப்சார்பரைப் படுக்கவைத்தோ தலைகீழாகவோ மாட்டக் கூடாது. உள்ளே காற்று எண்ணெயோடு கலந்து நுரைத்துவிடும்.

மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது? மாட்டும் இடத்தில். பைக்கில் ஷாக் அப்சார்பர் ஒரு பக்கம் மட்டும் பிடித்த போல்ட்டில் தொங்கும். பக்கியில் இரண்டு பக்கமும் தகடு வைத்து, நடுவில் 8.8 தர போல்ட்டும் நைலான் வளைய நட்டும் போட வேண்டும். வண்டி காற்றில் பறக்கும்போது ஆர்ம் கீழே தொங்கி ஷாக் அப்சார்பரின் தண்டை இழுக்கும். அதைத் தடுக்க சீட் பெல்ட் பட்டையால் ஒரு கட்டு வேண்டும். மேலே போய் இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டை வேண்டும். செலவு கொஞ்சம்தான். இவை இல்லாமல் வெளிநாட்டு ஷாக் போட்டாலும் உடையும்.

மாட்டிய பிறகு வண்டியின் பின்பக்கத்தை அழுத்தி விடுங்கள். மேலே வந்து, ஒரு முறை இறங்கி, நிற்க வேண்டும். மூன்று நான்கு முறை ஆடினால் ஓட்ட வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு இதையே திரும்பவும் செய்யுங்கள். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். 4 மணி நேர ஓட்டத்தில் மலிவான ஷாக் அப்சார்பர் தோற்பது பெரும்பாலும் அதனால்தான்.

பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. ஸ்பிரிங்கைக் கழற்றக் கயிறு கட்டி முயல வேண்டாம். அதற்கென்று உள்ள கருவியோடு மெக்கானிக் கழற்றட்டும், விடுபட்ட ஸ்பிரிங் கையை உடைக்கும். கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் பக்கத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது. இந்த வேலைகளைக் கல்லூரிப் பட்டறையில் செய்யுங்கள், நம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வேண்டாம். பதிவு இல்லாத வண்டி என்பதால் பொதுச் சாலையிலும் ஓட்டக் கூடாது.

பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எத்தனை கிலோ? ஷாக் அப்சார்பர் கீலிலிருந்து எவ்வளவு தூரத்தில், எத்தனை சாய்வில் நிற்கிறது? ஆர்ம் மேலேயும் கீழேயும் எதில் இடித்து நிற்கும்? எடை பார்க்கப் பெரிய கருவி வேண்டாம், வீட்டில் இருக்கும் எடைக்கருவி நான்கு போதும். நம் பிளாக்கில் கேட்டால் கிடைத்துவிடும். மூன்றுக்கும் பதில் தாளில் எழுதி வந்தால், பைக் ஷாக்குக்கே பணம் கொடுங்கள், தைரியமாகக் கொடுங்கள். பதில் இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்ததை வாங்கினாலும் உங்கள் பிள்ளையை அதில் உட்கார வைக்காதீர்கள்.

கணக்குத் தாளோடு வரும் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும்.