மண்ணோடு கிடக்கும் நாக்குமீன்



மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பாடும் மீனைப் பற்றிப் பேசி முடிப்பதே வழக்கம். நிலாக்கால இரவில் நீரின் அடியிலிருந்து எழும் அவ்வோசையின் புகழ் நாடெங்கும் பரவியது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ பாடாத மீன் ஒன்று. அது பாடுவதில்லை, துள்ளுவதில்லை, கூட்டங்கூடி ஓடுவதுமில்லை. சேற்றோடு சேறாய், மணலோடு மணலாய் ஒட்டிக் கிடக்கும். கரைவலையில் கீரியும் சூடையும் பாரையும் வரும்போது அவற்றினிடையே நாலைந்து அகப்பட்டால், அவற்றை ஒரு பொருட்டாக மதிப்பார் குறைவு. அதுவே நாக்குமீன்.

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் நம் கரையோரத்திற்கு இரு நீர்கள் உண்டு. கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் தென்கோடி கல்முனைக்கு மேற்கே வந்து முடிகின்றது. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. நீரோ அந்த எல்லையை அறியாது. கிட்டங்கித் தாம்போதியில் மாரி வெள்ளம் பாய்வதைக் கண்டவர்கள் இவ்வுண்மையை உணர்வர். கடலுக்கும் உள்நிலத்திற்கும் இடையே தோணா என நாம் வழங்கும் சிறு நீர்வழிகளும் உள. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இத்தகைய ஆழமற்ற இடங்களே தட்டைமீன் குஞ்சுகள் பலவற்றிற்குத் தொட்டிலாக அமைகின்றன.

இம்மீனின் உடலமைப்பு வியப்பிற்குரியது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு மற்றைய மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும். பக்கத்திற்கு ஒரு கண்ணும் உடையதாயிருக்கும். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மெல்ல நகர்ந்து மறுபக்கக் கண்ணின் அருகே சென்றமையும். பின்னர் அது கண்ணில்லாத பக்கத்தைக் கீழாக வைத்து நிலத்திற் படுத்துவிடும். மேற்பக்கம் மண்ணின் நிறங்கொள்ளும், கீழ்ப்பக்கம் வெளிறியிருக்கும். இத்தாலி நாட்டின் மொன்ரே பொல்க்கா என்னுமிடத்துப் பாறைகளில் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுப் பழைமையான தட்டைமீன் எச்சங்கள் கிடைத்துள்ளன. அவற்றுட் சிலவற்றில் கண் பாதி வழியே நகர்ந்திருந்தமையை 2008ஆம் ஆண்டு மத் பிரீட்மன் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார்.

பெயர்களிலும் சுவை உண்டு. தட்டைமீன்களுள் பெரிதாக வளரும் ஒன்றைத் தமிழ்க் கரையோரத்தார் எருமை நாக்கு என்றனர். 1801ஆம் ஆண்டு வெளிவந்த புளொக், ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞரின் நூலில், தரங்கம்பாடிக் கரையிலிருந்து சென்ற அம்மீனுக்கு நம் மீனவர் இட்ட பெயரே விஞ்ஞானப் பெயரின் பகுதியாயிற்று. இன்றும் உலகத்தார் அதனைச் செட்டோடெஸ் எருமெய் என்றே எழுதுகின்றனர். மலையாளக் கரையில் நாக்குமீன் மாந்தள் எனப்படும். எகிப்து முதலிய அரபு நாடுகளிலோ இவ்வினத்திற்குச் ‘சமக் மூஸா’, அதாவது மூஸாவின் மீன், என்று பெயர். மூஸா நபியவர்கள் கடலைப் பிளந்தபோது இடையில் அகப்பட்ட மீன் இரு கூறாகிப் பாதி உடலோடு வாழ்கின்றது என்பது அங்கு வழங்கும் வாய்மொழிக் கதை.

இனி, பிடிக்கும் வகையைப் பார்ப்போம். வடதுருவத்தை அடுத்து வாழும் இனுவிற் மக்கள் மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துக் கயாக் என்னும் ஒருவர் செல்லும் ஓடத்தைச் செய்தனர். இன்று பிளாஸ்ரிக்கினால் ஆகிய கயாக்குகளில் அமர்ந்து தட்டைமீன் பிடிப்பதை மேல்நாட்டார் பலர் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். நம் வாவித் தோணியும் அதே தொழிலுக்கு ஏற்றதே. முழங்காலளவு நீரிலும் அது மிதக்கும். இயந்திர ஓசை இல்லை. துடுப்பை மெல்ல இட்டால் மீன் கலையாது. தட்டைமீன் ஆபத்தைக் கண்டு ஓடுவதினும் அசையாது கிடந்து தப்புவதையே நம்பியிருக்கும். ஆதலால் அதனைத் தேடுவோனுக்கு வேகம் பயன்படாது; பொறுமையே பயன்படும்.

தோணியை நீரோட்டத்தின் போக்கில் விட்டு, ஈயக் குண்டு கட்டிய தூண்டிலை அடிநிலத்தில் தொட்டும் தொடாமலும் இழுபட விடவேண்டும். குண்டு உரசும்போது எழும் சிறு மணற்புகை, இரை ஓடுகின்றது என்ற எண்ணத்தை மீனுக்கு உண்டாக்கும். நாக்குமீனின் வாய் சிறிது, வளைந்தும் இருக்கும். ஆகவே சிறிய முள்ளும், மண்புழு அல்லது இறால் துண்டும் வேண்டும். அகன்ற வாயுடைய தட்டைமீனுக்கு முழு இறாலே தகும். கடித்தவுடன் வெடுக்கென இழுத்தலாகாது. சற்றே விட்டுப் பிடித்தல் வேண்டும். நாக்குமீன் பெரும்பாலும் இரவில் இரை தேடுவது. எனவே அந்திப் பொழுது ஏற்றது. தெளிந்த நீரில் விளக்கொளியில் அதன் விளிம்பைக் கண்டு ஈட்டியாற் குத்துவதும், வீச்சுவலை எறிவதும் உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. அதே சேற்றில் திருக்கையும் கிடக்கும். இரண்டும் தட்டையாயினும் கிடக்கும் முறை வேறு. திருக்கை வயிற்றின்மேற் படுத்திருக்கும். நாக்குமீன் பக்கத்தின்மேற் படுத்திருக்கும். திருக்கையின் வாலில் நச்சு முள் உண்டு. நீரில் இறங்குவோர் காலைத் தூக்கி வையாது, நிலத்தோடு தேய்த்துத் தேய்த்து நடத்தல் வேண்டும். முள் தைத்தால், புண்ணைப் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் அமிழ்த்தினால் நோவு தணியும். அதன்பின் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். வாவியில் முதலை உண்டென்பதையும் மறத்தலாகாது. தனியே தோணி ஏறுபவர் உயிர்காப்பு அங்கியின்றிச் செல்லவேண்டா. வாடைக்காலத்தில் முகத்துவாரத்தை அணுகவும் வேண்டா.

சமையலுக்கு வருவோம். மீனுக்கு அறுத்தல் வேண்டியதில்லை என்பது நம் மார்க்கச் சட்டம். ஆயினும் துப்புரவு வேண்டும். தட்டைமீன் இனங்களுட் சில தோலில் நச்சுப் பசை சுரப்பன. செங்கடலில் வாழும் அத்தகைய இனமொன்றின் பசை சுறாவையும் விலகச் செய்வதை 1970களில் யூஜெனி கிளார்க் என்னும் அம்மையார் ஆராய்ந்து கூறினார். எனவே உப்பும் சாம்பலும் இட்டுத் தேய்த்து வழுவழுப்பை நீக்குதல் நன்று. பின் தலைப்பக்கத்தில் தோலைச் சிறிது கீறி, உப்புத் தொட்ட விரலாற் பற்றி வாலை நோக்கி இழுத்தால் உறைபோல் உரிந்து வரும். குடல் தலையை ஒட்டிய சிறு பையளவே. அதனை எடுத்து ஓரச் செட்டைகளைக் கத்தரித்துவிட்டால் வேலை முடிந்தது.

பொரிப்பதாயின் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, தேசிக்காய்ப்புளி பூசிச் சிறிது ஊறவைத்து, நன்கு காய்ந்த தேங்காயெண்ணெயில் இடுக. மெல்லிய மீனாகையால் விரைவில் வெந்துவிடும், தாமதித்தால் சருகாகும். ஆணம் வைப்பதாயின், இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ரம்பை ஆகியவற்றைக் கொதிக்கவிட்டு, சிறிது பழப்புளி கரைத்து ஊற்றி, கடைசியாகவே மீனைப் போடுக. கரண்டி இட்டுக் கிளறினால் சதை குலைந்துவிடும். மண்சட்டியின் விளிம்பைப் பிடித்துச் சுற்றி அசைப்பதே முறை. முதற்பாலை ஊற்றி நுரை கூடும்போதே இறக்கிவிடவேண்டும். வெண்மையான, கொழுப்புக் குறைந்த, முள்ளை எளிதிற் பிரிக்கத்தக்க சதை. சிறுவருக்கும் நோயாளருக்கும் ஏற்றது. சோற்றுக்கும் பிட்டுக்கும் பொருந்தும்.

அற்பமான மீனுக்கு இத்தனை பேச்சு வேண்டுமோ என நேயர்கள் கேட்கலாம். 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. இயந்திரப் படகுகள் பல கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. துடுப்புத் தோணிக்கு மண்ணெண்ணெய் வேண்டியதில்லை. கையின் வலிமையால் எட்டக்கூடிய நீரில் உணவு இருக்குமாயின், ஏழை வீட்டு அடுப்புக்கு அது ஒரு காப்பு. அந்த நீர் கெட்டுப்போகுமாயின், அக்காப்பும் போய்விடும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அந்நாளின் பின் பிள்ளைகளை நீரின் பக்கம் விட அஞ்சிய பெற்றோரைக் குறைகூற யாராலும் இயலாது. ஆயினும் அச்சம் மாத்திரம் தலைமுறைக்குத் தலைமுறை செல்லுமானால், நீரை அறிந்து நடக்கும் அறிவு இடையில் அறுந்துவிடும். அதனைவிடப் பெரிய கேடு நாமே செய்வது. தோணாக்களில் குப்பை நிறைவதும், பின் துப்புரவாக்கப்படுவதும், மீண்டும் நிறைவதும் நம் கண்முன்னே நிகழ்கின்றன. பொலித்தீன் படிந்த அடிநிலத்தில் புழுவும் இறாலும் வாழா. அவை இல்லாத இடத்தில் நாக்குமீனும் இல்லை.

இன்னும் ஒன்று. சிறிய மீன் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. நாக்குமீன்களுட் சில இனத்தாலேயே சிறியவை. ஒரு சாண் அளவோடு வளர்ச்சி நின்றுவிடும். அவற்றை உண்பதிற் பழுதில்லை. எருமை நாக்கின் குஞ்சோ பருவத்தால் சிறியது. விட்டுவைத்தால் முழம் கடந்தும் வளரும். வாய் அகன்று கூரிய பற்கள் இருப்பின் அது எருமை நாக்கு; வாய் சிறுத்து வளைந்து, ஓரச் செட்டைகள் வாலோடு இணைந்திருப்பின் அது நாக்குமீன். முன்னதன் குஞ்சு தூண்டிலில் அகப்பட்டால் ஈரக் கையால் எடுத்து நீரில் விடுவதே அறிவுடைமை. இனத்தாற் சிறியதை உண்போம். பருவத்தாற் சிறியதை வளரவிடுவோம். இவ்வேறுபாட்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தோணியின் முனையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தால், அதற்குச் சட்டமும் வேண்டா, காவலும் வேண்டா.